வில்லும் நிறைகோலும்

வில் என்ற அளவிலே நம்மவர் உள்ளம் மிதிலைக்கும் குருச்சேத்திரத்துக்கும் விரைகின்றது. சங்க நூல் பயின்றோர் கொல்லிமலைக்குச் சென்று வல்வில் ஓரியைக் கண்டு மீள்வர். பதுளையிலிருந்து வடக்கே மலையிறங்கி, மகியங்கனையைக் கடந்து, தம்பானைக் காட்டிலே வில்லேந்தி நின்ற மனிதனைக் காணச் செல்வோர் மிகச் சிலரே. நம் தேயிலை மலைகள் சமநிலத்தைத் தொடும் இடத்திலே, இதே ஊவா மாகாணத்திலே, வில்லைக் கொண்டு உணவு தேடிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்தம் வில்லைப் பற்றி இன்று ஆராயப் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்து, என்னிடம் நன்னூல் கற்று, இப்போது கனடாவின் மேற்கு மலைநாட்டில் வாழும் மாணவர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அந்நாட்டில் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் குறித்த பருவத்தில் வில்லால் மான் வேட்டையாடுதல் சட்டத்துக்கு உடன்பட்டது. “ஐயா, என் வில்லின் முன்னே ஒரு தண்டு பூட்டினால் வில் ஆடாது நிற்கும் என்கின்றனர். நீண்டதா குறுகியதா, ஒன்றா இரண்டா என்று கடைக்காரர் கேட்கின்றார். அதற்குத் தமிழிற் பெயரும் அறியேன், எதைக் கொள்வதென்றும் அறியேன்” என்பது அவர் கடிதத்தின் சாரம். வேட்டை அறியாத இலக்கண ஆசிரியனிடம் இதனைக் கேட்டது பெயரின் பொருட்டே ஆகலாம். ஆயினும் பெயரைத் தேடப் புகுவோன் பொருளையும் தேடாதிருத்தல் இயலாது. அத்தேட்டத்தின் பயனை வாசகர்க்கும் பகிர்ந்தளிக்கின்றேன்.

தண்டின் தொழில்

அம்பை விடுத்த கணத்தில் வில் அசைகின்றது. விடுக்குமுன்னும் அசைகின்றது. எய்வோன் மூச்சும், இதயத் துடிப்பும், தசையின் நடுக்கமும் வில்லிற் சென்று சேர்கின்றன. பிடித்த கை சிறிது முறுக்கினும் அம்பு இடமோ வலமோ விலகும். இவ்வசைவைத் தணித்தற்கு வில்லின் பிடிக்கு முன்னே ஒரு தண்டை நீட்டி, அதன் நுனியிலே சிறு எடையைப் பூட்டுவது இக்கால வழக்கம். 1961 ஆம் ஆண்டளவில் அமெரிக்க வில்வினைஞர் ஏர்ல் ஹொயிட் இத்தகைய தண்டுகளை அறிமுகஞ் செய்தார். 1972 ஆம் ஆண்டு மியூனிக் நகரில் வில்வித்தை ஒலிம்பிக் விழாவுக்கு மீண்டு வந்தது. அதற்குப் பின்வந்த விழாக்களில் தண்டு பூட்டாத வில்லைக் காண்டலே அரிதாயிற்று.

இதன் நுட்பம் எளிது. கழைக்கூத்தி கயிற்றின்மேல் நடக்கும்போது நீண்ட மூங்கிலைக் குறுக்கே பிடிப்பதைக் கண்டிருக்கின்றோம். எடை உடலுக்கு அருகில் இருந்தால் எளிதிற் சுழலும். தொலைவில் இருந்தால் சுழலத் தயங்கும். அத்தயக்கம் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டு அங்குலத் தொலைவில் உள்ள 100 கிராம் எடையை இருபத்து நான்கு அங்குலத் தொலைவுக்குக் கொண்டு சென்றால், தொலைவு மூன்று மடங்கு. சுழற்சியைத் தடுக்கும் வலியோ ஒன்பது மடங்கு. நீண்ட தண்டு தரும் உறுதியைக் குறுந்தண்டினாற் பெறவேண்டுமெனின் நுனியில் 900 கிராம் தொங்கவேண்டும். அவ்வளவையும் நீட்டிய கையில் தாங்கி மலையேறுவோன் மானைக் காணுமுன்னே தளர்ந்துவிடுவான்.

ஒலிம்பிக் விழாவில் இலக்கு 70 மீற்றர் தொலைவில் நிற்கின்றது. அதன் நடுவட்டம் 12.2 சென்ரிமீற்றர் அகலம். ஆங்கே எய்வோர் ஏறத்தாழ முப்பது அங்குல முன்தண்டும், பக்கத்துக்கு ஒன்றாகப் பின்னோக்கிய இரு தண்டுகளும் பூட்டுகின்றனர். அவர்கள் நிற்பது வெட்டவெளி, தரை சமன், இலக்கு அசையாது, அம்பு விலகினால் இழப்பு சில புள்ளிகளே.

அதற்கொரு பெயர்

இத்தண்டுக்கு யான் இடும் பெயர் நிறைகோல் என்பதாகும். இஃது என் புனைவன்று, பழஞ்சொல்லே. துலாக்கோலுக்கு நிறைகோல் என்பது பெயர். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்குக் கூறிய உவமைகளுள் நிலமும் மலையும் மலரும் போல நிறைகோலும் ஒன்று என்பதை மாணவர் அறிவர். பொருளின் எடையை ஐயந்தீரக் காட்டலும், இருபாலுஞ் சாயாது நடுநிற்றலும் அக்கோலின் இயல்புகள். வில்லிற் பூட்டும் தண்டும் எடையாலேயே தொழிற்படுகின்றது; இருபாலுஞ் சாயாது நிறுத்துகின்றது.

நிறை என்னுஞ் சொல்லுக்கு எடை என்பது மட்டும் பொருளன்று. நெஞ்சத்தைச் செல்லுமிடத்துச் செல்லவிடாது நிறுத்தலும் நிறை எனப்படும். திருக்குறளிலே ‘நிறையழிதல்’ என்றோர் அதிகாரமே உண்டு. வில்லின் கயிற்றுக்கும், தகாதது செய்ய அஞ்சும் உள்ளத்துக்கும் நாண் என்று ஒரு பெயரை வழங்கும் மொழியிலே, வில்லின் எடைக்கும் உள்ளத்தின் உறுதிக்கும் நிறை என்று ஒரு பெயர் அமைவது பொருத்தமே. இவ்விரண்டாம் பொருள் இக்கட்டுரையின் இறுதியில் நமக்கு வேண்டப்படும்.

காடு கேட்கும் விலை

திடலில் உதவும் நீண்ட நிறைகோலைக் காட்டுக்குக் கொண்டு செல்லலாமா? காட்டைக் காணாதோர் செல்லலாம் என்பர். நமுனுகுலைச் சாரலிலே விறகு தேடிச் சென்றவர் எவரும் அங்ஙனம் கூறார். கொடியும் முள்ளும் ஒவ்வோர் அடியிலும் கையைப் பற்றுகின்றன. முழங்காலிட்டும் தவழ்ந்தும் செல்லவேண்டிய இடங்கள் உண்டு. முப்பது அங்குலத் தண்டு புதரிற் சிக்கி ஒலியெழுப்பின் வேட்டை அவ்வளவில் முடிந்தது. ஊவாவில் ஆடி ஆவணி மாதங்களில் மலையிடுக்குகளினூடே வீசும் வறண்ட காற்று நம் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகின்றது. அத்தகைய காற்று நீண்ட தண்டைப் பற்றினால் உறுதிக்கு வைத்த கருவியே நடுக்கத்துக்குக் காரணமாகும்.

இக்கால வேட்டை வில்லோ உருவிற் குறுகியது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் என்பார் உருளைகள் பூட்டிய கூட்டு வில்லை ஆக்கி, 1969 ஆம் ஆண்டிலே அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இவ்வில்லை முற்றும் இழுத்தபின் உருளைகள் பெரும்பாரத்தைத் தாமே தாங்கிக்கொள்கின்றன. 60 இறாத்தல் வலிமையுள்ள வில்லை இழுத்து நிறுத்தியபின் கை தாங்குவது பன்னிரண்டு, பதினைந்து இறாத்தல் அளவே. நெடுநேரம் குறிபார்த்து நிற்க இஃது உதவும். ஆயினும் இழுவிசை குறைந்த நிலையிலே கையின் சிறு நடுக்கமும் வெளிப்படும். இரு உருளைகளுக்கும் இடையே முப்பது, முப்பத்து மூன்று அங்குல நீளமே கொண்ட வில்லாதலின், நீளத்தால் வரும் உறுதியும் அதற்கு இல்லை. காட்டிலே சிக்காதிருக்கும்பொருட்டு வில் குறுகிற்று; குறுகியதனால் இழந்த உறுதியை மீட்க நிறைகோல் வேண்டியதாயிற்று. இந்த முடிச்சை மனத்திற் கொண்டு தம்பானைக்குச் செல்வாம்.

தம்பானை வில்

ஆங்கிலக் கப்பலோட்டியாகிய ரொபேட் நொக்ஸ் 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்தார். அவர் 1681 இல் வெளியிட்ட நூலிலே வேடரைப் பற்றிக் கூறியவற்றுள் ஒன்று ஈண்டு நினைக்கத் தக்கது. அம்புமுனை வேண்டிய வேடன் இரவிலே கொல்லனது பட்டறைக்கு இறைச்சியைக் கொணர்ந்து தூக்கிவைப்பான். தான் விரும்பும் அம்புமுனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி அருகே வைத்துவிட்டு மறைவான். கொல்லன் அவ்வடிவிலே முனையைச் செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி வரும். பேச்சில்லை, எழுத்தில்லை, ஓர் இலையே ஓலை. தனக்கு வேண்டிய முனையின் அகலமும் நீளமும் இத்தன்மையவென இலையில் வெட்டிக் காட்டவல்லவன், தன் கருவியின் இயல்பை நன்கு அறிந்தவன் அல்லனோ?

செலிக்மன் என்னும் மானிடவியல் அறிஞரும் அவர் மனைவியாரும் ஊவாவிலும் அதனை அடுத்த காடுகளிலும் வேடரோடு பழகி, 1911 ஆம் ஆண்டிலே பெருநூலொன்றை வெளியிட்டனர். வேடர் வில் ஏறத்தாழ ஆளுயரமுள்ளது. செதுக்கி இழைத்த ஒற்றைக் கோல். மரப்பட்டை நாரால் முறுக்கிய நாண். பூட்டுவனவும் தொங்குவனவும் அதில் இல்லை. அம்போ நீண்டது, பெரிய இறகுகளும் இரும்பு அலகும் உடையது. பழைய நிழற்படங்கள் பெரும்பாலானவற்றிலே வேடன் தோளிற் கோடரியோடும் கையில் வில்லும் ஓரிரண்டு அம்புமாகவே நிற்கின்றான், அம்பறாத்தூணியைக் காணோம்.

நிறைகோல் இல்லாத இவ்வில் எங்ஙனம் உறுதியாக நின்றது? அதன் நீளமே அதற்கு நிறைகோல். ஆறடி வில்லின் இரு நுனிகளும் பிடியிலிருந்து மும்மூன்று அடி விலகி நிற்கின்றன. மேற்கூறிய வர்க்கக் கணக்கின்படி, நுனியிலுள்ள சிறு எடையும் வில் மேலுங் கீழும் சாய்வதைப் பெரிதும் தடுக்கும். இடம்வலமாக முறுக்குவதை மட்டும் நீளம் தடுக்காது. அதற்கு மருந்து பிடியை இறுக்காத கை. இது கடையிற் கிடைப்பதன்று. இளமை தொட்டுப் பழகிப் பெறுவது. கனத்த அம்பு நாணை விட்டு மெல்லப் புறப்படும். வில்லின் ஆற்றலில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். எனவே அதிர்வாகவும் ஓசையாகவும் வீணாவது குறையும். பெரிய இறகுகள் புறப்பாட்டிலே நேர்ந்த சிறு பிழையை வழியிலேயே திருத்தும்.

பழைய இந்திய வில் பற்றி மற்றுமொரு சான்று உண்டு. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் கண்டு கூறியவற்றைத் தழுவி, கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலே அரியன் என்னும் கிரேக்க ஆசிரியர் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்திய வீரர் வில் ஆளுயரமுள்ளதென்றும், அதன் அடியை நிலத்தில் ஊன்றி இடக்காலால் அழுத்திக்கொண்டு நாணை இழுத்தனரென்றும், அம்பு ஏறத்தாழ மூன்று முழம் நீளமென்றும் அவர் எழுதுகின்றார். இதிலே நிலம் நிறைகோலாகின்றது. உலகையே துணையாகக் கொண்ட வில் அசைவதெங்ஙனம்? காலை ஊன்றிக் குறிகொள்ளுதல் என்றவுடன் நமக்குக் கண்ணப்பர் நினைவு வருதல் இயல்பு. உடுப்பூர் வேடர்கோமான் நாகனின் மகனாகிய திண்ணனார், ஒரு கண்ணை அம்பாலே அகழ்ந்து அப்பியபின், மற்றைக் கண்ணையும் அகழ்ந்தால் இடம் காணமாட்டோமே என்றெண்ணி, இறைவன் திருக்கண்ணிலே தம் காலை ஊன்றிக்கொண்டார் எனச் சேக்கிழார் பாடினார். பத்தியின் உச்சமாக நாம் போற்றும் அச்செயலிலே, குறி தப்பலாகாது என்னும் வேடனது பழக்கமும் உடனிருத்தலைக் காண்க.

தூரமும் ஒரு கருவி

இவையனைத்துக்கும் மேலாக வேடன் கைக்கொண்ட உறுதி ஒன்று உண்டு. அவன் அருகிற் சென்று எய்தான். இதனைக் கணக்காற் காண்பாம். எய்வோன் கை கால் பாகை அளவே பிழைத்தது என்று கொள்வோம். 50 மீற்றர் தொலைவிலே அம்பு ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர் விலகும். 20 மீற்றரிலே அது 9 சென்ரிமீற்றராகக் குறையும். மானின் உயிர்நிலையாகிய நெஞ்சகம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்டம் என்பது வில்வேட்டைக்காரர் கொள்ளும் அளவு. நடுவிலிருந்து எந்தப் பக்கமும் பத்தே சென்ரிமீற்றர். ஆகவே ஒரே கை, ஒரே பிழை. 20 மீற்றரில் மான் விரைவில் வீழும். 50 மீற்றரில் வயிற்றிலோ தொடையிலோ அம்போடு ஓடிப் பல நாள் துன்புற்று இறக்கும். இந்த வேறுபாட்டைத் தந்தது தண்டன்று; முப்பது மீற்றர் நடை.

ஓசையின் கணக்கும் அதுவே. ஒலி நொடிக்கு 340 மீற்றர் செல்லும். விசைமிக்க கூட்டு வில்லின் அம்பும் நொடிக்கு 85 மீற்றர் அளவே செல்லும். 30 மீற்றர் தொலைவில் நிற்கும் மானுக்கு நாணொலி கேட்டபின் அம்பு வந்து சேர ஏறத்தாழக் கால் நொடி கிடைக்கின்றது. வெருண்டு உடலைத் தாழ்த்த அதற்கு அது போதும். 15 மீற்றரில் அவ்விடைவெளி பாதியாகின்றது. மரவில்லின் அம்பு இதனினும் மந்தமானது. ஆதலின் வேடன் மேலும் அணுகவேண்டியவனானான். அணுகுதற்குக் காற்றின் திசையும் சருகின் ஓசையும் விலங்கின் நடையும் தெரியவேண்டும். கருவியின் குறையே அவனைக் காட்டின் மாணாக்கன் ஆக்கிற்று.

ஓரியின் ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிலே சென்று தைத்தது எனப் புறநானூறு புகழும். புலவர் வாக்கு அது; புகழ்ச்சிக்கு எல்லையில்லை. ஊடுருவும் ஆற்றலுக்குக் கனமுள்ள அம்பும் குறுகிய தொலைவும் காரணம் என்னும் உண்மை அப்புகழ்ச்சியினுள்ளும் இருக்கின்றது.

தெரியும் முறை

இனி மாணவர் வினாவுக்கு நேரே விடை கூறலாம். முதலாவது, வில்லிலே பூட்டவேண்டிய குறிகாட்டி, அம்புகளோடு கூடிய தூணி முதலியவற்றை எல்லாம் பூட்டியபின்னரே நிறைகோலைத் தெரிக. வெறும் வில்லுக்குப் பொருந்திய கோல் நிறைந்த வில்லுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, முன்னே எட்டு முதற் பத்து அங்குலம் வரையுள்ள ஒரு கோல் காட்டுக்கு அமையும். கோல் மெல்லியதாகவும், எடை நுனியிலே திரண்டும் இருத்தல் நன்று. எடை கோல் முழுவதும் பரந்திருப்பின் சுமை மிகும், பயன் குறையும். பருத்த கோல் காற்றையும் வாங்கும்.

மூன்றாவது, தூணியை வில்லின் ஒரு பக்கத்திற் பூட்டினால் வில் அப்பக்கம் சாயும். அதனைக் கை முறுக்கி நிமிர்த்தலாகாது. அம்முறுக்கே அம்பை விலக்கும். மறுபக்கம் பின்னோக்கிய குறுங்கோல் ஒன்றைப் பூட்டிச் சமன் செய்க. அல்லது தூணியை வில்லினின்றும் கழற்றித் தோளிலே கொள்க. பின்னது எளிது, சுமையும் குறைவு.

நான்காவது, கோலின் நுனிக்கருகில் இறப்பர் வளையம் உள்ளதைத் தெரிக. அஃது அதிர்வை வாங்கி ஓசையைக் குறைக்கும். காட்டிலே ஓசைக்குறைவும் ஓர் ஆற்றலே.

ஐந்தாவது, எடையைக் கடையில் நின்று தீர்மானித்தல் தகாது. மூட்டையை முதுகிற் சுமந்து மலையேறி, மூச்சிரைக்கும் நிலையிலே வில்லை இழுத்து நிறுத்திப் பார்க்க. முழங்காலிட்டும் சரிவில் நின்றும் காற்றிலும் பார்க்க. எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டிவர, குறி ஓரளவு வரை அமைதியுறும்; அதற்கு மேல் தோள் சோர்ந்து நடுங்கத் தொடங்கும். அவ்வெல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பதே உரிய எடை. ஒருவர்க்குப் பொருந்தியது மற்றொருவர்க்குப் பொருந்தாது.

ஆறாவது, இவையெல்லாம் செய்து முடித்தபின் தம் தூரத்தைத் தாமே வரையறுத்துக் கொள்க. பயிற்சியின் இருபதாம் அம்பு கை சூடேறியபின் செல்வது, அதை நம்பற்க. காலையில் எழுந்தவுடன் விடும் முதலம்பு எத்தூரம் வரை 20 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் நாள்தோறும் தவறாது செல்கின்றதோ அத்தூரமே அவர்க்குரியது. அதற்கு அப்பால் நிற்கும் மான் அவர்க்குரியதன்று.

துவக்கும் சுருக்கும்

மாணவர்க்கு உரிய விடை இவ்வளவே. இங்கே வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். நம் நாட்டிலே 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புச் சட்டம் வன விலங்குகளைக் காக்கின்றது. வில்லை எடுத்துக்கொண்டு காடு புகுமாறு எவர்க்கும் யான் கூறவில்லை. ஆயினும் வில் கற்பித்த அடக்கம் ஊவாவிலே எங்ஙனம் அழிந்தது என்பதை அறிதல் நம் கடமை.

பதுளையில் அரசாங்க உத்தியோகம் வகித்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைத் துவக்கினாற் சுட்டு வீழ்த்தினார். 1845 ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் இடி தாக்கி அவர் மாண்டார். அவர் நினைவாக எழுந்த மாற்கு தேவாலயம் இன்றும் பதுளை நகரில் நிற்கின்றது. ஓரம்புக்கு ஒரு மான் என்று அணுகிச் சென்றவன் வாழ்ந்த நாட்டிலேயே, உணவுக்கும் வேண்டாது எண்ணிக்கைக்காகக் கொன்ற காலமும் வந்தது. கருவியின் வலிமை தூரத்தைத் தந்தது. தூரம் அளவின்மையைத் தந்தது.

பின்னர், 1983 ஆம் ஆண்டிலே மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது வேடர் தம் வேட்டைக் காட்டை இழந்தனர். பல குடும்பங்கள் வேறிடங்களிற் குடியேற்றப்பட்டன. முதியவர் திசாஹாமி சிலரோடு தம்பானையை விட்டகல மறுத்தார். 1998 இல் அவர் மறைந்தபின் அவர் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ தலைமை ஏற்றார். விலங்கைக் காக்கச் செய்த ஏற்பாடே, விலங்கோடு அளவறிந்து வாழக் கற்றவரைக் காட்டினின்றும் விலக்கிற்று. இன்று தம்பானைக்குச் செல்லும் சுற்றுலாவினர் முன்னே வில் பெரும்பாலும் காட்சிக்காகவே வளைகின்றது. வளைக்கும் கை உண்டு. அக்கைக்கு உரிய காடு இல்லை.

மலைத்தோட்டங்களிலோ வேறொரு கருவி ஆட்சி செய்கின்றது. தேயிலைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட ஓரங்களிலே, மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிடுகின்றது என்று கம்பிச் சுருக்கு வைக்கின்றனர். உழைத்த பயிர் ஓரிரவில் அழிவதைக் காணும் ஏழையின் துயரம் எனக்குத் தெரியாததன்று. எனினும் சுருக்குக்குக் கண் இல்லை. பன்றி என்றும் மரை என்றும் சிறுத்தை என்றும் அது பிரித்தறியாது. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிலே அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டது. உயிரோடு மீட்டும் சில நாளில் இறந்தது. வில்லேந்தியவன் விலங்கைக் கண்ணாற் கண்டு, அது யாதென அறிந்து, எய்வதோ விடுவதோ எனத் தீர்மானிக்க வேண்டியவன். சுருக்கு வைத்தவனோ அத்தீர்மானம் நிகழும்போது வீட்டில் உறங்குகின்றான். கையின் நடுக்கம் அவனுக்கு ஒரு பொருட்டன்று. ஏனெனில் அங்கே கையே இல்லை.

நிறை

ஆதலின் நிறைகோலின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. எய்யும் கை அசையலாகாது என்னும் கவலை, எய்யப்படும் உயிர் வீணே துன்புறலாகாது என்னும் கவலையே. அக்கவலை உள்ளவன் ஆறடி மரவில்லை ஏந்தினும், உருளை பூட்டிய குறுவில்லை ஏந்தினும் ஒரே மரபைச் சேர்ந்தவன்.

நம் பள்ளிகளிலே இதனைக் கற்பித்தல் அரிதன்று. ஒரு மூங்கிற் கோலும் இரு சிறு கற்களும் போதும். கற்களைப் பிடியருகிலும் நுனியிலும் மாறிமாறிக் கட்டிச் சுழற்றிப் பார்க்கும் மாணவன் வர்க்கக் கணக்கைக் கையாலேயே உணர்வான். குதை, பகழி, தூணி என்னும் சொற்களைத் தேர்வுக்காக நெட்டுருப் பண்ணும் மாணவரைத் தம்பானைக்கு அழைத்துச் சென்று, நாணைப் பூட்டும் இடத்தையும் இறகு கட்டும் முறையையும் முதியோர் வாயிலாகக் காட்டலாம். கதிர்காமத்துக்கு நடைபயணம் போகும் நம் தோட்ட மக்கள், வேடர் மகளாக வளர்ந்த வள்ளியைத் தாயென வணங்குகின்றனர்; அதே மாகாணத்து வேடரது கைவினையைக் கேட்டறிதல் அவ்வணக்கத்துக்கு இழுக்காகாது. அம்முதியோர் மறைந்தபின் அவ்விலை வெட்டிய கணக்கை எந்த நிகண்டிலும் தேடிப் பெறமுடியாது.

நிறை என்பதற்கு உள்ளத்தை நிறுத்தல் என்னும் பொருளும் உண்டென்று முன்னர்க் கூறினேன். வில்லிலே பூட்டும் எடை கை அசையாமல் உதவும். இழுத்த நாணை, தூரம் மிகுந்ததென்றோ குட்டியோடு நிற்கும் தாயென்றோ கண்டு, அம்பை விடாமலே மெல்லத் தளர்த்தும் ஆற்றலை எந்தக் கடையிலும் எடையிட்டு வாங்க இயலாது. வில் வாங்கும் இளைஞர் முதலிற் பழகவேண்டியது அதுவே. அதனைப் பழகியவர்க்கு எட்டங்குலக் கோல் போதும்.